39 வயதில் தலைப்பிரசவம்: கடலூரிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 39. திருமணமாகி இரண்டு வருடம் ஆகிறது. கணவர் சொந்த அத்தை மகன், அவருக்கு 43. கரு தானாகவே தங்கியிருக்கிறது, இப்போது ஒன்பதாவது வாரம், ஸ்கேனில் இதயத் துடிப்பும் தெரிந்துவிட்டது. டிசம்பர் முதல் வாரம் பிரசவத் தேதி. பார்த்த டாக்டர் சீட்டில் ‘ஹை ரிஸ்க்’ என்று எழுதி, சிசேரியன்தான் என்று இப்போதே சொல்லி அனுப்பியிருக்கிறார். வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ‘குழந்தை குறையோடு பிறக்குமா, என் உயிருக்கு ஆபத்தா, நார்மலுக்கு வழியே இல்லையா’ என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசி வரியில் ‘இப்போதே கலைத்துவிடுவது நல்லதா?’ என்று முடித்திருக்கிறார். உண்மையில் அவர் கேட்க வந்தது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குத் தோன்றியது. அதனால் அதற்கே முதல் பதில்: 39 வயது என்ற ஒன்றுக்காகக் கருவைக் கலைக்கச் சொல்ல மருத்துவத்தில் எந்தக் காரணமும் இல்லை. குழந்தை வேண்டுமா என்ற முடிவு உங்களுடையது. ஆனால் பயத்தில் இந்த வாரமே எடுத்தாக வேண்டிய முடிவு அது இல்லை. பரிசோதனைகளுக்கும் யோசிப்பதற்கும் சட்டமே உங்களுக்கு நேரம் கொடுத்திருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

புதுச்சேரியில் மகப்பேறு மருத்துவராக நெடுநாள் வேலை பார்ப்பவள் நான். கடலூர், நெல்லிக்குப்பம், பாகூர், அரியாங்குப்பம் பக்கத்திலிருந்து வரும் பெண்களை நிறையவே பார்த்திருக்கிறேன். முன்பெல்லாம் 35 தாண்டி வருபவர்கள் பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது பிரசவத்துக்கு வருவார்கள். இப்போது தலைப்பிரசவத்துக்கே அந்த வயதில் வருகிறார்கள். உங்கள் ரிப்போர்ட்டோ எடையோ பி.பி.யோ எனக்குத் தெரியாது. அதனால் இதை உங்கள் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளும் பதிலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். வயது ஏற ஏற, குரோமோசோம் எண்ணிக்கை தவறிய கருக்கள் அதிகமாகின்றன. பெண்ணின் கருமுட்டைகள் எல்லாம் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி, பாதி பிரிந்த நிலையில் நின்றுவிடுகின்றன. மீதிப் பிரிவு அந்த முட்டை வெளிவரும் மாதத்தில்தான் நடக்கும். உங்கள் விஷயத்தில் கிட்டத்தட்ட நாற்பது வருடக் காத்திருப்பு. குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதங்கள் பெட்டியில் நெடுநாள் மடித்து வைத்த பட்டுச்சேலையின் இழைபோல அதற்குள் வலுவிழந்துவிடும். பிரியும்போது ஒரு குரோமோசோம் தவறான பக்கம் போய்விடுகிறது. 21-ஆவது குரோமோசோம் ஒன்று கூடிப்போனால் அது அறிவு வளர்ச்சி தாமதமாகும் டவுன் நோய்க்குறி. இதில் தாயின் வயதுதான் முக்கியம், தந்தையின் வயது அவ்வளவு இல்லை என்று பிரிட்டன் மருத்துவர் பென்ரோஸ் 1933-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். கூடுதல் குரோமோசோம்தான் காரணம் என்பது 1959-ல்தான் தெரியவந்தது. நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள், எப்போது குனிந்தீர்கள், கிரகணத்தன்று வெளியே போனீர்களா என்பதற்கும் இதற்கும் துளிகூடச் சம்பந்தம் இல்லை. இதைப் பழியாக யாராவது உங்கள் மேல் போட்டால் அவர்களிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

எண்களைச் சொல்கிறேன், ஆனால் முழுதாகப் படியுங்கள். டவுன் நோய்க்குறியோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு 20 வயதில் சுமார் 1,500-க்கு 1, 30-ல் சுமார் 900-க்கு 1, 35-ல் சுமார் 350-க்கு 1, 40-ல் சுமார் 100-க்கு 1, 45-ல் சுமார் 30-க்கு 1. உங்கள் 39-க்கு ஏறக்குறைய 140-க்கு 1. மற்ற குரோமோசோம் குறைகளையும் சேர்த்தால் 80-க்கு 1 என்ற அளவில் வரும். இருபது வயதுப் பெண்ணோடு ஒப்பிட்டால் இது பத்து மடங்கு. ‘பத்து மடங்கு’ என்று மட்டும் கேட்டால் தூக்கம் போய்விடும். 39 வயதுத் தாய்மார்கள் 140 பேரை வரிசையாக நிறுத்தினால் 139 பேரின் குழந்தைக்கு இந்தக் குறை இருக்காது என்பதும் அதே எண்தான். 35 வயது என்ற கோடும் ஏதோ அன்று காலையில் உடம்பு மாறிவிடும் என்பதால் போட்டதில்லை. பனிக்குட நீரை ஊசியால் எடுத்துப் பார்க்கும் பரிசோதனை வந்த காலத்தில், அந்த ஊசியால் கரு கலையும் வாய்ப்பும் குரோமோசோம் குறை இருக்கும் வாய்ப்பும் ஏறத்தாழ அந்த வயதில் சமமாக வந்தன. அதை வைத்துப் போட்ட கோடு அது.

கரு கலைவதும் இதே காரணத்தால்தான் அதிகமாகிறது. நார்வே நாட்டின் பதிவேடுகளை வைத்து 2019-ல் வெளியான பெரிய ஆய்வில், 25 முதல் 29 வயதுப் பெண்களுக்குக் கருச்சிதைவு பத்தில் ஒன்று என்று மிகக் குறைவாக இருந்தது. முப்பதுக்கு மேல் வேகமாக ஏறி, 45 தாண்டியவர்களில் பாதிக்கும் மேல் என்று ஆனது. நீங்கள் இருப்பது இரண்டுக்கும் நடுவில். உங்களுக்குத் துடிப்பு தெரிந்துவிட்டதால் அந்த ஆபத்தில் பெரும்பகுதி கழிந்துவிட்டது. 12 வாரம் தாண்டினால் இன்னும் குறையும். முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் பாதிக்கு மேல் குரோமோசோம் சரியில்லாதவை. மாடிப்படி ஏறியதாலோ பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போனதாலோ கலைந்தவை இல்லை.

இதனால்தான் ‘கம்ப்ளீட் பெட் ரெஸ்ட்’ என்று எல்லோரையும் படுக்க வைப்பதை நான் ஏற்பதில்லை. படுத்தே இருந்தால் கரு நிற்கும் என்பதற்குச் சான்று கிடையாது. காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும், அதுவும் 35-க்கு மேல். கரு தங்க என்று போடும் புரொஜெஸ்டரோன் ஊசி, மாத்திரையிலும் எனக்குத் தயக்கம் உண்டு. முன்பு கரு கலைந்து, இப்போது ரத்தக்கசிவும் உள்ளவர்களுக்கு அது உதவலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. வயது கூடிவிட்டது என்பதற்காக மட்டும் எல்லோருக்கும் தர வேண்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உங்களுக்கு எழுதியிருந்தால் எதற்கு என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

சரி, அடுத்து செய்ய வேண்டியது. 11 வாரம் முடிந்ததிலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள் என்.டி. ஸ்கேன், அதோடு டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனை. குழந்தையின் பின்கழுத்தில் தேங்கும் நீரின் தடிமனை அந்த மூன்று வாரத்தில்தான் சரியாக அளக்க முடியும். பதினான்கு வாரம் முடிந்த பிறகு போய் நின்றால் அந்தக் கதவு மூடியிருக்கும். நல்ல ஸ்கேன் மையங்களில் முன்பதிவு தேவைப்படும் என்பதால் இன்றைக்கே தேதி வாங்கிவிடுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் டவுன் நோய்க்குறி உள்ள பத்துக் கருவில் ஒன்பதை இது சுட்டிக்காட்டிவிடும்.

இதில் நான் அடிக்கடி பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. லேப் காகிதத்தில் ‘ஹை ரிஸ்க்’ என்று சிவப்பில் இருக்கும், பக்கத்தில் 1:180 என்று இருக்கும். கணவர், மாமியார், அம்மா மூவரும் அழுத முகத்தோடு உள்ளே வருவார்கள், குழந்தைக்குக் குறை என்று முடிவே செய்திருப்பார்கள். பேனாவை எடுத்து அந்தக் காகிதத்திலேயே ‘180-ல் 179 குழந்தைகள் நன்றாக இருக்கும்’ என்று எழுதிக் கொடுப்பேன். பல லேப்களில் 250-க்கு 1 என்று ஒரு கோடு வைத்திருக்கிறார்கள், அதற்கு உள்ளே வந்தால் சிவப்பு. உங்கள் வயதும் அந்தக் கணக்கில் சேர்வதால், குழந்தை நன்றாக இருந்தாலும் உங்களுக்குச் சிவப்பு வர நிறையவே வாய்ப்பு உண்டு. அதை எதிர்பார்த்தே போங்கள். சிவப்பு என்றால் அடுத்த பரிசோதனை செய்ய வேண்டும் என்று மட்டும் பொருள்.

அடுத்த பரிசோதனை இரண்டு வகை. தாயின் ரத்தத்தில் மிதக்கும் கருவின் மரபணுத் துணுக்குகளைப் பார்க்கும் என்.ஐ.பி.டி. பத்தாவது வாரத்திலிருந்தே செய்யலாம். டவுன் நோய்க்குறியைப் பொறுத்தவரை நூற்றில் 99 அளவுக்குக் கண்டுபிடித்துவிடும், தவறாகக் காட்டுவது மிகக் குறைவு. செலவு அதிகம். வசதி இருந்தால் 39 வயதில் நேரடியாக இதற்கே போகலாம், ஆனால் என்.டி. ஸ்கேனை விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் உருவக் குறைகளை ரத்தம் காட்டாது. இன்னொன்று, என்.ஐ.பி.டி. எவ்வளவு துல்லியமானாலும் உறுதி செய்யும் பரிசோதனை இல்லை. அதில் குறை என்று வந்தாலும் 15 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரை எடுத்துப் பார்த்த பிறகுதான் எதையும் முடிவு செய்ய வேண்டும். அனுபவம் உள்ள கையில் அதனால் கரு கலையும் வாய்ப்பு நூற்றில் அரைக்கும் குறைவு.

சட்டம் பற்றிச் சொல்கிறேன் என்றேன். கருக்கலைப்புச் சட்டத்தில் 2021-ல் வந்த திருத்தத்தின்படி, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், சில பிரிவினருக்கு 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தும் போதும். கருவில் பெரிய குறை இருப்பதாக மருத்துவக் குழு உறுதி செய்தால் 24 வாரத்துக்கு மேலும் வழி உண்டு. ஆகவே என்.டி., அதன்பின் உறுதிப் பரிசோதனை, 18 முதல் 20 வாரத்துக்குள் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் அனாமலி ஸ்கேன் எல்லாம் முடித்துவிட்டு நிதானமாக யோசிக்க முடியும். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அப்படிச் செய்து ரத்தம் வடிந்து, துவண்டு போய் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவேளை குறை உறுதியானாலும், குழந்தையைப் பெற்று வளர்க்கத் தீர்மானிக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். அந்தக் குழந்தைகளுக்கு இதயச் சோதனையும் சீக்கிரமே தொடங்கும் பயிற்சியும் கிடைத்தால் நன்றாக வளர்கிறார்கள். இரண்டில் எந்த முடிவானாலும் அது பெற்றவர்களுடையது, அக்கம்பக்கத்தாருடையது இல்லை.

நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒன்றை நான் விட மாட்டேன்: அத்தை மகன். நம் பக்கத்தில் யாரும் இதை ஆபத்தாகவே நினைப்பதில்லை, வயதைத்தான் பேசுகிறார்கள். எந்தக் குழந்தைக்கும் பிறவிக் குறை இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 2 முதல் 3. அத்தை மகன், மாமன் மகள் போன்ற நெருங்கிய உறவில் அதன் மேல் இன்னொரு 2 முதல் 3 கூடும். இது 22 வயதிலும் அதேதான், 39-லும் அதேதான். என்.டி., டபுள் மார்க்கர், என்.ஐ.பி.டி. எதுவும் இந்த வகையைப் பிடிக்காது, ஏனென்றால் இங்கே குரோமோசோம் எண்ணிக்கை சரியாகவே இருக்கும், உள்ளே ஒரே பழுதுபட்ட மரபணு இரு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்திருக்கும். உங்கள் இரு வீட்டிலும் காது கேளாத குழந்தை, சிறு வயதிலேயே இறந்த குழந்தை, ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்கும் குழந்தை யாராவது உண்டா என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். பேசத் தயங்குவார்கள், விடாமல் கேளுங்கள். அப்படி ஏதாவது இருந்தால் மரபியல் ஆலோசனை தேவை. பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடான தலசீமியாவுக்கான பரிசோதனையையும் ஒருமுறை செய்துவிடலாம். கணவரின் 43 வயதால் கூடும் ஆபத்து மிகச் சிறியது. அதற்காகக் கவலைப்பட ஒன்றும் இல்லை.

இனி உங்கள் உயிரைப் பற்றிய கேள்வி. 2018-20 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள், இந்தியா முழுதும் 97. வயது கூடினால் இந்த எண் கூடும் என்பது உண்மை, கூடினாலும் சிறிய எண்தான் என்பதும் உண்மை. பெரும்பாலும் ரத்தப்போக்கு, பி.பி., இதயக் கோளாறு, கிருமித்தொற்று என்று காரணம் சொல்ல முடிந்தவை. எனக்கு இதில் அதிகம் பயம் தருவது பி.பி.தான். 20 வாரத்துக்கு மேல் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போகத் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும். ஊரில் ஜன்னி கண்டுவிட்டது என்பார்கள். நாற்பதை ஒட்டிய வயது இந்த வாய்ப்பைச் சுமார் இரண்டு மடங்காக்குகிறது. தலைப்பிரசவம் என்பது மூன்று மடங்காக்குகிறது. வயதைவிட அது பெரிய காரணம், ஆனால் அதை யாரும் சீட்டில் சிவப்பில் எழுதுவதில்லை.

பாகூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார், 38 வயது, முதல் குழந்தை, எட்டாவது மாதம். இரண்டு நாளாகத் தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பதுபோல் இருக்கிறது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். வெயில் என்று சுக்குப் பற்றுப் போட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் மேல்வயிறு வலிக்கவும், வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். வந்தபோது மோதிரம் விரலில் இறுகிக் கழற்ற முடியாமல் இருந்தது. பி.பி. 170/110. அன்றிரவே குழந்தையை எடுத்தோம், இருவரும் பிழைத்தார்கள். அந்த வீட்டார் யாரும் அலட்சியக்காரர்கள் இல்லை, தெரியாது, அவ்வளவுதான். விடாத தலைவலி, கண் மங்கல், வலது மேல்வயிற்று வலி, ஒரே நாளில் முகமும் கையும் வீங்குவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே பி.பி. பார்க்க வேண்டும். வீட்டில் ஒரு டிஜிட்டல் பி.பி. மெஷின் வாங்கி வையுங்கள். 140/90 தொட்டால் அன்றே டாக்டருக்குச் சொல்ல வேண்டும், 160/110 தொட்டால் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

இதைத் தடுக்க மலிவான வழி ஒன்று உண்டு. குறைந்த அளவு ஆஸ்பிரின். 2017-ல் வெளியான ஆய்வில், ஆபத்து அதிகம் என்று முதல் மூன்று மாதத்தில் கண்டறிந்த பெண்களுக்குத் தினமும் இரவு 150 மில்லிகிராம் வீதம் 36 வாரம் வரை கொடுத்தபோது, 37 வாரத்துக்கு முன்பே வரும் கடுமையான வகை நூற்றுக்கு 62 பங்கு குறைந்தது. 16 வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் இந்தப் பலன். உங்களுக்கு வயதும் தலைப்பிரசவமும் சேர்ந்திருப்பதால் ‘எனக்கு ஆஸ்பிரின் தேவையா?’ என்று அடுத்த முறை போகும்போது தவறாமல் கேளுங்கள். ஆஸ்துமா, வயிற்றுப்புண் இருந்தால் சொல்லிவிட வேண்டும், நீங்களாக வாங்கிப் போடக் கூடாது. எழுதிக் கொடுத்த பிறகும் ஒரு தடங்கல் வரும். மருந்துக்கடையில் ‘இது ஹார்ட் மாத்திரையாச்சே, வயித்துல பிள்ளையோட எதுக்கு?’ என்பார்கள். அதைக் கேட்டு நிறுத்தியவர்கள் பலர். நிறுத்தாதீர்கள்.

சர்க்கரைக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டில் இது ஒழுங்காகவே நடக்கிறது. சென்னை மருத்துவர் சேஷையா முன்னெடுத்த முறைப்படி, சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்ப காலச் சர்க்கரை. முதல் தடவை போகும்போதே ஒருமுறை, 24 முதல் 28 வாரத்தில் இன்னொரு முறை. எலுமிச்சை பிழிந்து மெதுவாக ஐந்து பத்து நிமிடத்தில் குடித்தால் குமட்டாது. அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் வேறொரு நாள் திரும்பச் செய்ய வேண்டும், இதை மறைக்காமல் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். சர்க்கரை வந்தாலும் பலருக்கு உணவும் நடையுமே போதும். பண்ருட்டிப் பலாப்பழ சீசனில் வீட்டில் ஆசையாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பரிசோதனை சரியாக இருந்தால் இரண்டு மூன்று சுளை சாப்பிடுங்கள். கடலூர்க்காரர் என்பதால் மீன் பற்றியும்: மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி தாராளமாகச் சாப்பிடலாம். சுறா மட்டும் வேண்டாம். பால் சுரக்கும் என்று பிள்ளை பெற்றவர்களுக்குச் சுறாப்புட்டு கொடுக்கும் பழக்கம் எனக்குத் தெரியும், ஆனால் பெரிய மீனில் பாதரசம் சேர்ந்திருக்கும். இரும்பு, ஃபோலிக் அமிலம், கால்சியம் மாத்திரைகளை ஒழுங்காகப் போடுங்கள். தைராய்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

‘சிசேரியன்தான்’ என்று ஒன்பதாவது வாரத்தில் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. வயது கூடியவர்களுக்கு ஆபரேஷன் அதிகம் நடக்கிறது என்பது உறுதி. அதில் எவ்வளவு உடம்பின் காரணம், எவ்வளவு எங்கள் பயத்தின் காரணம் என்பதுதான் தெளிவில்லாதது. கர்ப்பப்பையில் நார்க்கட்டி, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது, குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருப்பது, வலி மெதுவாக முன்னேறுவது எல்லாம் வயதோடு கூடுகின்றன. அவை உடம்பின் காரணங்கள். ‘ப்ரெஷஸ் பேபி, எதற்கு ரிஸ்க்’ என்று மருத்துவரும் குடும்பமும் சேர்ந்தே முடிவு செய்வது இன்னொரு வகை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியா முழுதும் 21.5 சதவீதம் சிசேரியன், தமிழ்நாட்டில் 44.9. நம் ஊர்ப் பெண்களின் இடுப்பு மற்ற மாநிலத்தாருடையதைவிடக் குறுகியதாக இருப்பதால் வந்த வித்தியாசம் இது என்று நான் நம்பவில்லை. பிரிட்டனில் 35 வயதுக்கு மேற்பட்ட தலைப்பிரசவப் பெண்கள் அறுநூறு பேருக்கு மேல் வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 39-ஆவது வாரத்தில் மருந்து கொடுத்து வலி வரவைத்த பிரிவிலும், தானாக வரக் காத்திருந்த பிரிவிலும் சுமார் மூன்றில் ஒருவருக்குத்தான் ஆபரேஷன் ஆனது. ஆக, 36-ஆவது வாரத்தில் குழந்தையின் தலை, எடை, நஞ்சின் இடம், உங்கள் பி.பி., சர்க்கரை எல்லாம் பார்த்த பிறகு பேச வேண்டிய பேச்சு இது. அப்போது ஆபரேஷனுக்குக் காரணம் சொன்னால் தயங்காமல் சம்மதியுங்கள். தேவைப்படும்போது அது உயிர் காக்கும்.

ஒன்று மட்டும். நட்சத்திரம், நேரம் பார்த்து 37-ஆவது வாரத்திலேயே தேதி குறித்துக்கொண்டு வருகிறார்கள். அவசரம் எதுவும் இல்லாமல் 39 வாரத்துக்கு முன் ஆபரேஷன் செய்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வந்து கண்ணாடிப் பெட்டியில் இருக்க நேரிடலாம். நல்ல நேரத்தை 39 வாரம் முடிந்த அடுத்த வாரத்தில் தேடச் சொல்லுங்கள், அந்த வாரத்திலும் ஏழு நாள் இருக்கின்றன.

அதே சமயம் 40 வாரத்தைத் தாண்டவும் விட வேண்டாம். 39, 40-ஆவது வாரத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகும் வாய்ப்பு 35-க்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆயிரத்தில் 1 என்றால், 40 வயதை எட்டியவர்களுக்கு ஆயிரத்தில் 2. பிரசவ நேரத்தில் நீங்கள் நாற்பதை எட்டியோ நெருங்கியோ இருப்பீர்கள் என்பதால் 39 முதல் 40 வாரத்துக்குள் வலி வரவைப்பதைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஏழாம் மாதத்திலிருந்து குழந்தையின் அசைவு உங்களுக்குப் பழகியிருக்கும். ஒருநாள் அது வழக்கத்தைவிடக் குறைந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து ஒரு மணி நேரம் கவனியுங்கள். அப்போதும் சந்தேகமாக இருந்தால் நடுராத்திரி ஆனாலும் கிளம்புங்கள். ‘காலையில் பார்த்துக்கலாம்’ என்று சொல்லும் நேரம் அது இல்லை. எண்ணிப் பார்த்துக் குறித்து வைப்பதால் உயிர் காப்பாற்றப்படுகிறதா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. எனக்கு எண்ணிக்கையைவிட, ‘வழக்கம்போல இல்லை’ என்று ஒரு தாய் சொல்வதே போதும்.

எங்கே பிரசவம் பார்ப்பது? எந்த மருத்துவமனை என்று பெயர் சொல்வதைவிட, மூன்று விஷயம் கேட்கச் சொல்வேன். ராத்திரி இரண்டு மணிக்கு மயக்க மருத்துவர் உள்ளே இருப்பாரா, ரத்தம் அங்கேயே கிடைக்குமா, பச்சிளம் குழந்தைக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா. மூன்றுக்கும் ஆம் என்றால் அரசோ தனியாரோ கவலை இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரியில் எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கின்றன. எங்கே பெறுவதாக இருந்தாலும் உங்கள் பகுதிச் சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கென்று இலவசச் சிறப்புப் பரிசோதனை உண்டு, அதையும் பயன்படுத்தலாம்.

உங்கள் தேதி டிசம்பர் முதல் வாரம் என்பதால் மழையையும் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் நம் இரு ஊர்களையும் எப்படிப் புரட்டியது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணை கரைபுரண்டபோது கடலூர், புதுச்சேரி இடையே போக்குவரத்து தடைப்பட்டது. இருபது கிலோமீட்டர் சொச்சம்தானே, வலி வந்ததும் கிளம்பிவிடலாம் என்று அந்த மாதத்தில் நம்பியிருக்க வேண்டாம். புதுச்சேரியில் பெறுவதாக முடிவு செய்தால் 38-ஆவது வாரத்திலிருந்தே இந்தப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் வந்து தங்கிவிடுங்கள். கடலூரிலேயே பெறுவதாக இருந்தால் ஆற்றைக் கடக்காமல் போகக்கூடிய மருத்துவமனையாகப் பாருங்கள். சீட்டு, ஸ்கேன் எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்துக் கணவரிடமும் வைத்துவிடுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு, பிள்ளை பெற்றவள் தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு தொங்கும், சீதளம் பிடிக்கும் என்று அளந்து கொடுப்பார்கள், எழுந்து நடக்கவும் விட மாட்டார்கள். 35-க்கு மேற்பட்டவர்களுக்கு, அதுவும் ஆபரேஷன் ஆனவர்களுக்கு, இது ஆபத்து. கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகக்கூடிய காலம் பிரசவம் ஆன அந்த ஆறு வாரம்தான். தாகம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீர் குடியுங்கள், மறுநாளே நடங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே போங்கள். பி.பி. பிரசவத்தோடு இறங்கிவிடும் என்று மெஷினை எடுத்து வைத்துவிடாதீர்கள். முதல் வாரத்தில் திரும்ப ஏறி வலிப்பு வந்தவர்கள் உண்டு.

கர்ப்பத்தில் சர்க்கரை வந்திருந்தால், குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போட வரும் அன்று நீங்களும் காலையில் வெறும் வயிற்றில் வாருங்கள். குழந்தைக்கு ஊசி போட்டுக் காத்திருக்கும் நேரத்திலேயே உங்களுக்கும் குளுக்கோஸ் கொடுத்து ரத்தம் எடுத்துவிடலாம். பெரும்பாலான தாய்மார்கள் அந்தப் பரிசோதனைக்கு வருவதே இல்லை.